காட்டேரி ஏன் கடிக்கவில்லை?

துலுக்கானம் ஐந்து வருடமாக ஒரு ரத்தக்காட்டேரிக்குக் காதல் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தான். இந்த விஷயம் திருமுல்லைவாயிலில் அவன் மனைவி பொன்னியம்மாவைத் தவிர ஒரு குருவிக்கும் தெரியாது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஐஸ்கிரீமும் உறைந்த பட்டாணியும் அடுக்கி வைக்கும் ஒரு குளிர்க்கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவது அவன் வேலை. மத்தியானச் சாப்பாட்டைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, வண்டி சீட்டிலேயே உட்கார்ந்து பொன்னியம்மாவின் பழைய போனில் கதை எழுதுவான். நாயகன் ஆதவன், இருநூற்றுப் பதினொரு வயதுக் காட்டேரி. வெயில் ஆகாததால் இதே மாதிரி ஒரு கிடங்கில் நைட் ஷிஃப்ட் பார்க்கிறவன். நாயகி மேகலா, காட்டுப்பாக்கத்தில் ரத்தப் பரிசோதனை லேபில் வேலை செய்கிறவள். ‘உறையாத உதிரம்’ என்ற பெயரில் முதலில் ஒரு செயலியில் தொடராக வந்தது. பிறகு பூந்தமல்லியில் சின்னதாகப் பதிப்பகம் நடத்தும் ஹேமநாதன் புத்தகமாகப் போட்டார். ஐந்து பாகம் வந்துவிட்டது.

அட்டையில் ஆசிரியர் பெயர் ‘பொன்னி’. செயலியில் கணக்குத் திறந்தது மனைவியின் எண்ணில். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஹேமநாதனிடம் போனில் பேசுவதும் பொன்னியம்மாதான். வாசகிகள் ‘பொன்னி அக்கா’ என்று உருகி உருகி எழுதினார்கள். “ஒரு பொண்ணு மனசு பொண்ணுக்குத்தான் தெரியும் அக்கா” என்று வந்த கடிதங்களைப் பொன்னியம்மா படித்துக் காட்டும்போதெல்லாம் துலுக்கானம் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல உட்கார்ந்திருப்பான்.

இப்படி இருக்கையில் ஹேமநாதன் ஆவடியில் வாசகியர் சந்திப்பு ஒன்றுக்கு ஏற்பாடு செய்துவிட்டார். “எல்லாரும் திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விங்க நிறைய சேந்துடுச்சும்மா. நீங்க நேர்ல பதில் சொன்னா ஆறாம் பாகத்துக்குப் பின்னாடி போட்டுடலாம்” என்றார்.

“நீயே போயி சொல்லிட்டு வந்துடுமே. பேர் உன்னுதுதானே” என்றான் துலுக்கானம்.

“பேர்தான் என்னுது. காட்டேரி உன்னுது.” என்றாள் பொன்னியம்மா. “சரி, நான் மேடை ஏர்றேன். ஆனா நீயும் வந்து மொத வரிசையில குந்தணும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. ஆவடி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடியில் ஒரு சின்ன ஹால். நாற்பது பேர் வந்தால் அதிகம் என்று ஹேமநாதன் நினைத்திருந்தார். தொண்ணூறு பேர் வந்து, நாற்காலி போதாமல் சுவரோரம் நின்றார்கள். வாசகர் குழுவை நடத்தும் நிஷா மைக்கைப் பிடித்தாள். கோயம்புத்தூர்ப் பெண், அம்பத்தூரில் ஐ.டி. வேலை.

“முதல் கேள்விங்க அக்கா. காட்டேரிக்கு வெயில் ஆகாது. அவனுக்குப் போய் ஆதவன்னு சூரியன் பேரு எப்படி?”

“பேர் வெச்சப்ப அவன் மன்சன்தானே கண்ணு. கடிபட்டது அப்பால.”

கைத்தட்டல் எழுந்தது. நிஷா அடுத்த தாளைப் புரட்டினாள். “மூணாம் பாகத்துல மேகலா வீட்டுல பூண்டு ரசம் ஊத்துறாங்க. ரெண்டு டம்ளர் குடிக்கிறான். காட்டேரிக்குப் பூண்டு ஆகாதுங்களே?”

“மாமியா ஊட்டு ரசம்! ஆவாதுன்னு சொல்ல முடியுமா? மறுநாளு ஒடம்பு பூரா தடிச்சிக்கினு கெடந்தானே, அத்த படிக்கலியா நீ?”

ஹால் சிரித்து அடங்க நேரமாயிற்று. முதல் வரிசையில் துலுக்கானத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அவன் எழுதியதைவிட அவள் சொன்னது நன்றாக இருந்தது.

அப்போது முத்தாபுதுப்பேட்டை ஆக்னஸ் எழுந்தாள். இருபது வருடமாக நர்ஸ். “வீட்டுக்காரங்க உள்ள கூப்பிடாம காட்டேரி வாசப்படி தாண்ட மாட்டான்னு முதல் பாகத்துல எழுதியிருக்கீங்க. நாலாம் பாகத்துல மேகலா ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. இவன் நேரா வார்டுக்குள்ளயே வந்து நிக்கிறான். யாரு கூப்பிட்டா?”

இதே கேள்வியை அந்த அத்தியாயம் எழுதிய அன்றே பொன்னியம்மாவும் கேட்டிருந்தாள். ‘அப்பால சொல்றேன்’ என்று டூட்டிக்குப் போன மனுஷன் இன்றுவரை சொல்லவில்லை. பொன்னியம்மா புருஷனைப் பார்த்தாள். மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“இத்த நானும் கேட்டேன். எனக்கே பதில் வரல. எழுதுனவரு தோ அங்க குந்தினுகீறாரு. அவரையே கேளுங்க.”

தொண்ணூறு தலைகள் திரும்பின. ஹேமநாதன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து அப்படியே நின்றார். துலுக்கானத்துக்குக் காது இரண்டும் கொதித்தன. ஓடிவிடலாமா என்று படிக்கட்டைப் பார்த்தான். அங்கேயும் பெண்கள் நின்றிருந்தார்கள். வேறு வழியில்லாமல் மேடை ஏறினான்.

“வணக்கம். பேரு துலுக்கானம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்றேன்.” ஆக்னஸ் பக்கம் திரும்பினான். “அது கவர்மெண்ட் ஆஸ்பத்திரிம்மா. பார்வையாளர் நேரம் நாலு மணிலேர்ந்து ஆறு மணின்னு வாசல்ல போர்டே வெச்சிக்கீறாங்க. அத்தவுட இன்னா அழைப்பு வேணும்? இவன் போனது அஞ்சே முக்காலுக்கு. ஐப்பசி மழ, இருட்டிக்கினு இருந்துது.”

ஆக்னஸ்தான் முதலில் சிரித்தாள். பிறகு ஹாலே குலுங்கியது.

நிஷா மட்டும் சிரிக்கவில்லை. “ஒரு நிமிஷம் அண்ணா. அக்கான்னு நம்பி நாங்க மனசைத் திறந்து எழுதியிருக்கோம். என் கல்யாணம் நின்னதைக்கூட எழுதினேன். அதையெல்லாம் படிச்சது நீங்களா?”

துலுக்கானம் அவசரமாகத் தலையை ஆட்டினான்.

“இல்லம்மா. லெட்டர் வர்றது இவ போனுக்கு. சொந்த சமாச்சாரத்த என் கண்ணுல காட்ட மாட்டா. கதையப் பத்தி இருந்தா மட்டும் படிச்சிக் காட்டுவா. உன் சேதி இப்ப நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.” அவன் குரல் இறங்கியது. “ஆனா மொதல்லயே உண்மைய சொல்லியிருக்கணும். பயந்துட்டேன். தப்புதான்.”

பொன்னியம்மா மைக் இல்லாமலே கேட்டாள்: “அம்மாவும் நானும் ரெண்டு நாளா சமைக்கலன்னு எழுதுனியே, அது நீதானா கண்ணு? மொதல்ல சாப்டுன்னு பதில் போட்டேனே?”

நிஷா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. “சாப்பிட்டேங்க அக்கா” என்று சிரித்தாள். பிறகு கையிலிருந்த தாள்களைத் தள்ளிவிட்டு நேராகத் துலுக்கானத்தைக் கேட்டாள்.

“அப்போ எல்லாரோட கேள்வியும் இதுதான். ரெண்டாம் பாகத்துலயே மேகலா கழுத்தை நீட்டி, கடிச்சிடு, நானும் உன்னை மாதிரி ஆயிடறேன்னு சொல்லிட்டா. மூணு பாகம் ஆச்சு. ஏன் இன்னும் கடிக்கலை?”

“அன்னிக்கி அவ அம்மாகூட சண்ட போட்டுக்கினு வந்தாம்மா. கோவத்துல சொன்ன சரி அது. கோவம் எறங்குனா அந்த சரியும் எறங்கிடும். எரநூறு வருசம் தனியா கெடந்தவன், அவ நிம்மதியா சொல்ற வரைக்கும் காத்துக்கினு இருக்க மாட்டானா?”

யாரோ ஒருத்தி விசில் அடித்தாள். துலுக்கானம் கையைக் காட்டி நிறுத்தினான்.

“இருங்க. இது எனக்கா தோணுனதில்ல. அவன் கடிக்கிற மாதிரிதான் மொதல்ல எழுதினேன். இவ படிச்சிட்டு, மேகலாவக் கேட்டியான்னா. அவதான் சரின்னுட்டாளேன்னேன். சண்ட போட்டுக்கினு வந்தவகிட்ட இன்னாய்யா சம்மதம், திருப்பி எழுதுன்னா. நீங்க கேக்குற கேள்வி அத்தினியும் மொதல்ல கேட்டது இவதான். கேட்டுக் கேட்டுத்தான் கதை இந்த மாதிரி வந்துது.”

இப்போது உட்கார்ந்திருந்த எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கைத்தட்டல் ஓயவில்லை. ஹேமநாதன் ஓடி வந்து மைக்கை வாங்கி, “அடுத்த பதிப்புலேர்ந்து அட்டையில பேரை மாத்திடறேன்!” என்று அறிவித்தார். தொண்ணூறு பெண்கள் ஒரே குரலில் “கூடாது!” என்றார்கள்.

“பொன்னி அக்கா பேரு இருக்கட்டும். பக்கத்துலயே அண்ணன் பேரையும் போடுங்க” என்றாள் ஆக்னஸ்.

“ரெண்டும் ஒரே சைஸ் எழுத்துலங்க” என்றாள் நிஷா.

ஹேமநாதன் சரி சரி என்று தலையாட்டினார். மேஜையில் இருந்த புத்தகமெல்லாம் கால் மணி நேரத்தில் தீர்ந்துபோயிற்று. கையெழுத்து வாங்க நின்ற வரிசை பாதிகூடக் குறையாதபோது ஹால் மேனேஜர் வந்து, பன்னிரண்டு மணிப் பிறந்தநாள் விழாவுக்கு ஆட்கள் கேக்கோடு படியில் நிற்கிறார்கள் என்று கெஞ்சினார். வரிசை கலையவில்லை, அப்படியே இறங்கித் தெருவுக்கு வந்தது. நிறுத்தியிருந்த ஒரு ஷேர் ஆட்டோவின் பின்சீட்டில் இரண்டு பேரையும் உட்கார வைத்தார்கள். உச்சி வெயில் சுட்டெரித்தது. பொன்னியம்மா கையெழுத்துப் போட்டு நீட்ட, அதன் பக்கத்தில் துலுக்கானம் தன் முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் எழுதிக்கொண்டே இருந்தான்.