வராத தண்ணீருக்கு ஐந்து மார்க்

எங்கள் தெருக் குழாயில் தண்ணீர் வருகிறது என்பது, செய்தியைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரிந்தது.

நிலநடுக்கத்தில் மண்ணுக்கடியில் குழாய் உடைந்துபோனதிலிருந்து லாரித் தண்ணீர்தான் குடித்துக்கொண்டிருந்தோம். பேரிடர்ச் செய்திகளை மட்டும் போடுகிற ஒரு சேவை இருந்தது. எந்த அரசாங்கத்தையும் சேராதது, இலவசம். எங்கே முகாம், எங்கே மருந்து, எந்தப் பாலம் நிற்கிறது என்று செல்போனில் வரும். நான் நாற்பதைத் தாண்டி எழுத்துக் கற்றவன். அச்சில் ஒன்றைப் பார்த்துவிட்டால் சத்தியம் என்றே நினைப்பேன். அன்று காலை மூட்டை தூக்கப் புறப்படும் முன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தேன்: "ரயிலடிப் பின்தெருவில் குழாய்க் குடிநீர் மீண்டும் வந்தது." கீழே படம். குழாய்க்கடியில் குடம். குடத்தைப் பிடித்திருந்த கை என் வீட்டுக்காரியுடையது.

படம் பொய்யில்லை. முந்தின நாள் ரிப்பேர்காரர்கள் எங்கோ எதையோ திறந்து பார்த்தபோது தண்ணீர் வந்தது. அந்த நேரம் பார்த்துச் செய்திக்காரப் பெண்ணும் வந்தாள். ஒரு குடம் நிறைந்தது. அவள் படம் எடுத்தாள், சிரித்தாள், போனாள். தண்ணீரும் அவளோடு போய்விட்டது.

மறுநாள் லாரி வரவில்லை. லாரி அலுவலகத்துக்குப் போய்க் கேட்டோம். அதிகாரி தன் போனைத் திருப்பிக் காட்டினார்.

"செய்தில வந்திருக்கு, படமும் இருக்கு. அதுல நிக்கிறது நீங்கதானேம்மா?"

"நான்தான் சார். ஆனா ஒரு குடம்தான் வந்துச்சு," என்றாள் என் வீட்டுக்காரி.

"ஒரு குடம் வந்த குழாயில அடுத்த குடம் வராதா?"

மகள் பிள்ளை பெற்று எங்கள் தகரக் கொட்டகைக்கு வந்திருந்தாள். பச்சை உடம்பு, கையில் பச்சைக் குழந்தை. துணி அலசவே குடம் குடமாக வேண்டும். நான் பகலெல்லாம் சிமெண்ட் மூட்டை சுமந்துவிட்டு, அதே தோளோடு அடுத்த தெருவில் போய் வரிசையில் நின்றேன். "உங்க குழாயிலதான் கொட்டுதாமே, இங்க என்ன வேலை?" என்று அந்தத் தெருக்காரர்கள் கேட்டார்கள். சில நாள் பாதிக் குடத்தோடு விரட்டிவிட்டார்கள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மகள் அழுகையை அடக்கிக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தாள்.

அப்போதுதான் மார்க் போடுகிற ஆள் வருகிறார் என்று சேதி வந்தது. அந்தச் செய்திச் சேவைக்குப் பணம் கொடுக்கிறவர்கள், அதனால் பிரயோஜனம் உண்டா, ஜனங்கள் அதை நம்புகிறார்களா என்று பார்த்துவர ஆள் அனுப்புகிறார்களாம். மார்க் குறைந்தால் மூடிவிடுவார்களாம்.

"பூஜ்யம் போட்டுட வேண்டியதுதான்," என்றாள் என் வீட்டுக்காரி.

"பூஜ்யம் கிடையாதுக்கா. ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும்தான்," என்றான் வக்கீல். கோர்ட் வாசலை மிதிக்காதவன், என்னோடு மூட்டை தூக்குகிறவன். வாயைப் பார்த்துக் கொடுத்த பட்டம்.

"அப்ப ஒண்ணு போடு."

"கோவப்படாம கேளு. அதிகாரி யாரை நம்பறான்? நம்மையா? செய்தியத்தானே? அதே செய்தில குழாய் வரலன்னு வந்தாத்தான் லாரி வரும். நாமளே அதுக்கு ஒண்ணு போட்டுட்டா, நாளைக்கு அதுல வர்றதை எவன் நம்புவான்?"

"அடிச்சவன்கிட்டயே போய் மருந்து கேக்கச் சொல்றியா?"

"மருந்துக் கடை அவன்கிட்டதானே இருக்கு!"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. முதலில் ஐந்து மார்க், பிறகு பதமாகத் தண்ணீர்ப் பேச்சு என்று தெரு கூடி முடிவெடுத்தது.

வந்தவன் நல்ல மாதிரிப் பையன். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை மாதிரிப் போன். நின்றுகொண்டே கேட்டான்.

"ஐயா, இதுல வர்ற செய்திய எந்த அளவுக்கு நம்பறீங்க?"

"அஞ்சு," என்றேன்.

"காரணம்?"

"எப்பவும் உண்மைதான் போடுவாங்க."

எனக்கு அடுத்தவரும் அதையே சொன்னார். அவருக்கு அடுத்தவரும். வக்கீல் சொல்லிக்கொடுத்த பாடம் யாருக்கும் பிசகவில்லை.

"செய்தியப் பார்த்து யாராவது ஏதாவது முடிவு எடுத்ததுண்டா?"

"லாரி ஆபீஸ்ல எடுத்தாங்க," என்றாள் என் வீட்டுக்காரி. வக்கீல் பலமாக இருமினான். பையனுக்குச் சந்தோஷம். "செய்தியின் பயன்" என்று முணுமுணுத்தபடி குறித்துக்கொண்டான்.

தண்ணீர் விஷயத்தை எடுத்ததும் அவன் முகம் வாடியது. "இந்தக் கேள்விகள்ல அதுக்கு இடமில்லைங்க. கடைசில 'வேறு கருத்து'ன்னு இருக்கு, அதுல போட்டுடறேன். அம்மா, நீங்க எத்தனை மார்க்?"

"எனக்கு மார்க் போடத் தெரியாது தம்பி. அந்தப் பொண்ணு பொய் எழுதலை. தண்ணி வந்தப்ப அவ இருந்தா, நின்னுபோனப்ப அவ இல்லை. அவ்வளவுதான்."

"அதுக்கு எத்தனைன்னு போடறது?"

"அது உன் பாடு."

பையன் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "நடுவுல மூணுன்னு வெச்சுக்கறேன்" என்றான்.

சேவைக்கு நல்ல பேர் கிடைத்தது. எங்கள் 'வேறு கருத்து'ம் வீண்போகவில்லை. குழாயில் தண்ணீர் இல்லை என்று பின்தெருவாசிகள் சொல்வதாக அவர்களே ஒரு சின்னச் செய்தி போட்டார்கள். வக்கீல் முன்னே நடக்க, நாங்கள் கல்யாண வீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி லாரி அலுவலகம் போனோம்.

அதிகாரி பொறுமையாக வாசித்தார். பிறகு மார்க் முடிவையும் எடுத்து வாசித்தார்.

"உங்க தெருவே அஞ்சு போட்டிருக்கு. எப்பவும் உண்மைதான் போடுவாங்கன்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அப்ப தண்ணி வந்துச்சுன்னு போட்டதும் உண்மைதானே?"

"வரலன்னும் போட்டிருக்காங்களே சார்?"

"அது நீங்க சொன்னதக் கேட்டு எழுதினது. முதல் செய்தி அவங்களே கண்ணால பார்த்து எழுதினது. நம்பிக்கையான ஆளு கண்ணால பார்த்ததை விட்டுட்டு, நீங்க சொல்றதை எப்படி எடுத்துக்கறது?"

வக்கீலுக்குப் பேச்சு வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன். தண்ணீர் வராததைவிட அது எங்களுக்குப் பெரிய அதிர்ச்சி.

வீடு வந்ததும் என் வீட்டுக்காரி செய்தியின் அடியிலிருந்த போன் நம்பரை என்னை வாசிக்கச் சொல்லிக் கூப்பிட்டாள். மறுநாள் காலை செய்திக்காரப் பெண் வந்தாள். என் வீட்டுக்காரி அவளை நேராகக் குழாயடிக்குக் கூட்டிப்போய், ஒரு பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உக்காரு."

"எவ்வளவு நேரம்மா?"

"தண்ணி வர்ற வரைக்கும்."

பெண் சிரித்தாள். கூட யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. கொண்டுவந்த பாட்டில் காலியானது. மகள் பிள்ளையைத் தோளில் போட்டபடி அவள் முன்னால் நடந்துகொண்டே இருந்தாள். சாயங்காலம் செய்திக்காரப் பெண்ணே குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்களோடு அடுத்த தெருவுக்கு வந்தாள். "உங்க குழாயில கொட்டுறதா செய்திலயே வந்திருக்கே!" என்று அவளையும் விரட்டினார்கள். விரட்டப்பட்டதையும் சேர்த்து எழுதினாள். படத்தில் இந்தத் தடவை காய்ந்த குழாய்.

லாரி வந்தது. பிள்ளையை வாளி நிறையத் தண்ணீர் வைத்துக் குளிப்பாட்டினாள் மகள்.

கொஞ்ச நாள் கழித்து, யாரும் எதிர்பார்க்காத ஒரு காலையில் குழாய் செருமியது. துருத் தண்ணீர் கக்கியது. பிறகு கண்ணாடி மாதிரிக் கொட்டியது. வக்கீல் ஓடிவந்து குழாயை இறுக்கி மூடினான்.

"யாரும் மூச்சு விடக்கூடாது. இதுவும் வரட்டும், லாரியும் வரட்டும்."

யாரும் மறுக்கவில்லை. நானும்தான்.

மத்தியானம் போன் அடித்தது. செய்திக்காரப் பெண். "அம்மா, ரிப்பேர் முடிஞ்சிருச்சுன்னு சொல்றாங்களே, தண்ணி வருதா?"

தெருவே என் வீட்டுக்காரியைச் சுற்றி நின்றது. வக்கீல் கையெடுத்துக் கும்பிட்டான். வேண்டாம் என்று மகள் தலையை ஆட்டினாள். என் வீட்டுக்காரி பிள்ளையைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள்.

"வருதும்மா," என்றாள். வக்கீல் தலையில் அடித்துக்கொண்டான். "ஆனா இப்ப எழுதாத. இன்னைக்குத்தான் வந்திருக்கு. நாளைக்கும் கேளு, மறுநாளும் கேளு."

பெண் எழுதவில்லை. மறுநாள் குழாயில் சொட்டுக்கூட வரவில்லை. போன் வந்தது, வரலை என்றாள் என் வீட்டுக்காரி.

"நல்லவேளை, பொய் சொல்லாமலே தப்பிச்சுட்டக்கா," என்றான் வக்கீல்.

"எங்க தப்பிச்சேன்? நாளைக்கும்தான் கேப்பா. நாளைக்கு வந்தா வருதுன்னுதான் சொல்லுவேன். இப்பவே திட்டிக்கோ."

அவன் திட்ட வாயெடுத்தான். அதற்குள் தெருமுனையில் லாரி வந்து நின்றது. திட்டுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அவனும் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினான்.