முகத்தில் மட்டும் விழுந்த தூசி

குற்றாலிங்கம் தன் கேமராவுக்குச் செய்த பணிவிடையில் பாதியைப் பெற்ற பிள்ளைக்குச் செய்திருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்தில் அவருடைய ஸ்டூடியோ; பின்கட்டில் வீடு. கேமராவின் லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சு நிறத்தில் ஒரு வட்டக் கண்ணாடி. அதைச் சுற்றி, வெயில் மறைக்கக் கறுப்புத் தகரக் குழல். குழலின் வாய்க்கு வெல்வெட் வைத்துத் தைத்த தோல் மூடி. மூடியைக் கழற்றி, மனசுக்குள் எண்ணி, திரும்ப மாட்டினால் படம் விழுந்துவிடும். அப்புறம் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மஞ்சள் துணியைச் சுற்றி முடிச்சும் போடுவார்.

"லென்ஸைக் குளிப்பாட்டி உறங்க வச்சாச்சா அண்ணாச்சி?" என்று தெருவில் போகிறவர்கள் கேட்பார்கள்.

"கரிசக்காட்டுத் தூசி ஒண்ணு போதும் வே. ஒரு கீறல் விழுந்தா ஆயுசுக்கும் போகாது" என்பார் இவர், சிரிக்காமல்.

ஆரஞ்சுக் கண்ணாடி தூசியை மட்டும் தடுக்கவில்லை. புது பில்மும் அதுவும் சேர்ந்தால், முகத்தில் இருக்கிற பரு, சிவந்த தடிப்பு எல்லாம் படத்தில் காணாமல் போகும். நிறமும் ஒரு படி கூடும். ராயகிரியிலிருந்தும் கரிவலம்வந்தநல்லூரிலிருந்தும் ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்தது அதற்காகத்தான். ஊரார் முகத்துக் குறையை மறைத்து மறைத்தே பேர் வாங்கிய மனுஷர்.

தை மாசத்தில் அம்மை குத்துகிற காளிராஜ் தெருவுக்கு வந்தார். சுகாதார இலாகா ஊழியர். வீடு வீடாக ஏறிப் பிள்ளைகளின் தோளில் குத்திக்கொண்டு வந்தார். குற்றாலிங்கத்தின் ஒரே பையன் கோமதிசங்கருக்கு அப்போது ஒரு வயசு நிறையவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவன். ஆள் வருவதைக் கண்டதும், மனைவி முத்துமீனாளையும் பிள்ளையையும் படம் கழுவுகிற இருட்டறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார் குற்றாலிங்கம்.

"உள்ள பிளேட்டு தெறந்து கெடக்கு தம்பி. கதவைத் தெறந்தா அம்புட்டும் பாழாப் போகும்."

"பிள்ளை சத்தம் கேக்கே அண்ணாச்சி?"

"பக்கத்து வீட்டுல."

காளிராஜ் கதவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "கோடையில இது ஊருக்குள்ள வரும். பொறவு என்னைத் தேடுனா நான் எந்த ஊர்ல கெடப்பேனோ" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

முத்துமீனாள் வெளியே வந்ததும் வராததுமாக எரிந்து விழுந்தாள். "ஊர்ப் பிள்ளையெல்லாம் குத்திக்கிடுது. நம்ம பிள்ளைக்கு மட்டும் என்ன வந்துச்சு?"

"சட்டையில்லாம வெறும் மேலோட படம் எடுத்து சோகேஸ்ல வைக்கப் போறேன்ட்டி. தோள்ல வடுவோடயா வைக்கச் சொல்லுத?"

லென்ஸில் கீறல் விழக் கூடாது; பிள்ளை மேல் வடு விழக் கூடாது. அவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

பங்குனியில் ராயகிரியிலிருந்து ஒரு வில்வண்டி வந்தது. தலைச்சன் பிள்ளைத்தாய்ச்சி சண்முகசுந்தரி, வளைகாப்பு முடிந்த கையோடு படம் எடுக்க வந்திருந்தாள். கூட மாமியார் நெல்லையம்மாள். பின்னலில் தைத்த பூ முழுதும் தெரிய வேண்டுமென்று அவளுக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடியை நிறுத்தினார் குற்றாலிங்கம். ஆரஞ்சுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுத் திரும்பினார். அனல்காற்று ஜன்னல் கதவைப் படாரென்று அறைந்தது. கண்ணாடி தரையில் விழுந்து நொறுங்கியது.

வீட்டில் இழவு விழுந்தாற்போல் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கண்ணாடி இல்லாமல் புது பில்மை வீணாக்க மனசு வரவில்லை. பெட்டியில் மிஞ்சிக் கிடந்த, பில்முக்கு முந்திய காலத்துப் பழைய கண்ணாடி பிளேட் இரண்டில் ஒன்றை எடுத்துக் கேமராவில் போட்டார்.

"இடுப்பு கடுக்கு அத்தை. மேலெல்லாம் காந்துது" என்றாள் சண்முகசுந்தரி.

"மாசமா இருந்தா கடுக்கத்தான் செய்யும். செத்த நேரம் சிரிச்ச மொகமா இரி" என்றாள் மாமியார். பிறகு குற்றாலிங்கத்தைப் பார்த்து, "மடியில ஒரு ஆம்பளப் பிள்ளைய வச்சு எடுத்தா யோகமா இருக்கும். உங்க பிள்ளையத்தான் கொஞ்சம் குடுங்களேன்" என்றாள்.

குற்றாலிங்கத்துக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தாமே போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்து அவள் மடியில் வைத்தார். சண்முகசுந்தரி அவனை இறுக்கி அணைத்து, கன்னத்தில் முகத்தைப் புதைத்து முத்தம் கொடுத்தாள். அவள் கைச் சூட்டில் பிள்ளை நெளிந்தான். அவள் முகத்தில் பவுடரைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. குற்றாலிங்கம் மூடியைக் கழற்றினார், எண்ணினார், மாட்டினார்.

மறுநாள் இருட்டறையில், சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் பிளேட்டைக் கழுவினார். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும் அல்லவா? சண்முகசுந்தரியின் கறுத்த முகத்தில் ஊசியால் குத்தினாற்போல் வெளுத்த புள்ளிகள். பிளேட்டில் தூசி ஒட்டினால் இப்படித்தான் விழும். உடைந்த கண்ணாடியை நினைத்துப் பல்லைக் கடித்தார். காப்பு இல்லாத ஒரே ஒரு படம், அதற்குள் தூசி புகுந்துவிட்டதே!

முத்துமீனாள் எட்டிப் பார்த்தாள். "தூசி மொகத்துலயும் கையிலயுமா பாத்து விழும்? சேலையில ஒண்ணக்கூடக் காணோமே."

"தொழில் தெரியாமப் பேசாத."

பென்சிலைக் கூராகச் சீவிக்கொண்டு, உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, ஒவ்வொரு புள்ளியாக அடைக்க உட்கார்ந்தார். ஒரு நாளில் முடிகிற வேலையில்லை. முடிந்ததும் புது ஆரஞ்சுக் கண்ணாடி வாங்கத் திருநெல்வேலிக்குப் போனார். அங்கே கிடைக்காமல் மதுரைக்குப் போய் வாங்கி வந்து, குழலுக்குள் பூட்டி, மூடி போட்டு, மஞ்சள் துணியைச் சுற்றிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது. அவர் அலைந்துகொண்டிருந்த அத்தனை நாளும் பிள்ளை வீட்டில் தவழ்ந்துகொண்டிருந்தான்.

படம் வாங்க ராயகிரியிலிருந்து யாரும் வரவில்லை. அவர்களுடைய வண்டிக்காரர் பிச்சையா மட்டும் ஒருநாள் வந்தார். படியேறாமல் தெருவிலேயே நின்றார்.

"படம் வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ அண்ணாச்சி. வீட்டுல அம்மா எறங்கியிருக்கா. நடையில வேப்பிலை கட்டிக் கெடக்கு. மேலெல்லாம் முத்து வாரிப் போட்டிருக்காம். மாசமா இருக்க பிள்ளை, தாங்காதுங்காவ."

குற்றாலிங்கம் பிளேட்டை எடுத்துக்கொண்டு வெயிலுக்கு வந்தார். சேலையில் ஒரு புள்ளி இல்லை. திரையில் இல்லை. நிலைக்கண்ணாடியின் சட்டத்தில் இல்லை. ஆனால் அந்தக் கண்ணாடிக்குள் தெரிந்த பின்கழுத்தில், பூ தைத்த பின்னலுக்கு இரண்டு பக்கமும், அவர் பென்சில் படாத புள்ளிகள் அப்படியே இருந்தன. பழைய பிளேட்டுக்குச் சிவப்பு தெரியாது, சிவப்பெல்லாம் அதற்குக் கறுப்பு என்பது இத்தனை வருஷத் தொழிலில் அவருக்குத் தெரியாததா? நெற்றிக் குங்குமமே அதில் கரிப்பொட்டாக விழுவதைப் பார்த்தவர்தானே? தோலுக்கு அடியில் அரும்பிக்கொண்டிருந்ததைக் கண் பார்க்கவில்லை, பிளேட் பார்த்துவிட்டது. முன்கூட்டியே சொல்லியும் விட்டது. இந்த மனுஷர் உட்கார்ந்து அதைப் பென்சிலால் பூசி மெழுகியிருக்கிறார்.

சண்முகசுந்தரியின் மடியில் அவர் பிள்ளை, ஒரு புள்ளி இல்லாமல் சிரித்துக்கொண்டிருந்தான்.

காளிராஜ் இளையரசனேந்தலில் இருப்பதாக விசாரித்து, புருஷனும் பெண்டாட்டியும் பிள்ளையோடு உச்சி வெயிலில் பஸ் ஏறினார்கள். பள்ளிக்கூடத்து மரத்தடியில் குத்திக்கொண்டிருந்த காளிராஜ் பழைய கதை எதையும் கிளறவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்தப் பிள்ளை இவனை மடியில வச்சிருந்தது எப்பம்?" என்று மட்டும் கேட்டார். குற்றாலிங்கம் நாளைச் சொன்னதும் காளிராஜ் ஊசியைக் கீழே வைத்தார்.

"மறுநாளே வந்திருக்கப்படாதா அண்ணாச்சி? ரெண்டு மூணு நாளைக்குள்ள குத்தியிருந்தா நான் தைரியம் சொல்லியிருப்பேன்."

"தூசின்னு நெனச்சேன் தம்பி."

காளிராஜ் மறுபடி ஊசியை எடுத்தார். பிள்ளையின் தோளைத் துடைத்துக் குத்தினார். "குத்துனதுக்கும் காய்ச்சல் அடிக்கும், பயந்துக்கிடாதீங்க. ஆனா மொகத்தைப் பாத்துக்கிட்டே இருங்க."

சொன்னபடி சில நாளில் காய்ச்சல் வந்தது. "குத்துன காய்ச்சல்தான். அவரே சொன்னாருல்லா?" என்று முத்துமீனாள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். கோவிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து பிள்ளையின் நெற்றியில் குழைத்துப் பூசினாள். குற்றாலிங்கம் பிள்ளையின் முகத்தை வாசலில் வைத்துப் பார்த்தார், ஜன்னலில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்குச் சண்முகசுந்தரியின் முகத்திலும்தான் ஒன்றும் தெரியவில்லை.

பெட்டியில் இன்னும் ஒரு பழைய பிளேட் இருந்தது.

காலை வெளிச்சத்தில் முத்துமீனாளைப் பிள்ளையோடு நாற்காலியில் உட்காரச் சொன்னார். எதற்கென்று அவள் கேட்கவில்லை. ஈரத்துணியால் புற்றுமண்ணைத் துடைத்தாள், சட்டையைக் கழற்றினாள். அவர் மதுரையிலிருந்து வாங்கி வந்த கண்ணாடியைக் கழற்றி அப்பால் வைத்தார். கேமராவின் உள்பக்கத்தையும் பிளேட்டையும் பிரஷால் திரும்பத் திரும்பத் துடைத்தார். இந்தத் தடவை தூசி என்று சொல்ல வழியே இருக்கக் கூடாது. எல்லாம் ஆனபிறகும் மூடியைக் கழற்றாமல், கேமராவின் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எடுங்க" என்றாள் முத்துமீனாள். "எனக்குத் தெரிஞ்சாகணும்."

எடுத்தார்.

இருட்டறைக்குள் சிவப்பு விளக்கின் கீழ் படம் மெல்ல வந்தது. முதலில் பிள்ளையின் முகம் வந்தது, பிறகு தோள், பிறகு அவனை அணைத்திருந்த முத்துமீனாளின் கைகள், சேலை. குற்றாலிங்கம் சேலையைத்தான் முதலில் தேடினார். சேலையில் ஒரு புள்ளியாவது இருந்துவிடாதா என்று தேடினார். இல்லை. அவள் கைகளிலும் இல்லை. பிள்ளையின் நெற்றியில், புருவத்துக்கு மேலே, இருந்தன. அம்மை குத்தாத தோளிலும் இரண்டு இருந்தன.

பிளேட்டை மருந்தில் போட்டு எடுத்தார். தண்ணீரில் அலசினார். ஈரத்திலேயே விரலால் தேய்த்துப் பார்த்தார். அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, மேஜையில் கிடந்த பென்சிலை எடுத்திருந்தது.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. "என்ன விழுந்திருக்கு? கதவைத் தெறங்க." அவள் தோளில் பிள்ளை முனகுவதும் கேட்டது.

படம் கழுவி முடிந்தாயிற்று. இனி எந்த வெளிச்சமும் அதை ஒன்றும் செய்யாது. குற்றாலிங்கம் கதவின் மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பிளேட்டு தெறந்து கெடக்கு" என்றார். "கதவைத் தெறந்தா பாழாப் போகும்."

முத்துமீனாள் அதற்குமேல் தட்டவில்லை. தை மாசத்தில், பிள்ளையை மார்போடு பொத்திக்கொண்டு, இதே கதவுக்கு உள்ளே நின்று அவள் இந்த வார்த்தையைக் கேட்டிருக்கிறாள்.