அழைப்பு வரவில்லை, ஆகவே…

பரீட்சை அறை வாசலில் ஒரு பிளாஸ்டிக் கூடை இருந்தது. போனை அணைத்து அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவள் போட்டாள். ஐந்து நாளாக அவளைப் பைத்தியமாகாமல் காப்பாற்றி வந்தது இந்தத் தர்க்கவியல் வகுப்புதான்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் அவள் மார்புக் கட்டியில் ஊசியை விட்டுக் கொஞ்சம் சதை எடுத்தார்கள். கவுன்டர் பெண் தலையைத் தூக்காமலே சொன்னாள்: "ஏதாவது தப்பா இருந்தா மூணு நாள்ல நாங்களே கூப்பிட்டுடுவோம்க்கா. இல்லேன்னா அடுத்த வாரம் மெதுவா வந்து ரிப்போர்ட் வாங்கிக்குங்க."

அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவள். முப்பத்தெட்டு வயதில் பட்டப்படிப்பு. அன்று சாயங்காலம் பிள்ளைகளை இறக்கிவிட்டு, காலி வேனில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தாள். முதல் வரி: கட்டி கெட்டது என்றால் அழைப்பு வரும். இரண்டாவது வரிக்குக் காத்திருந்தாள். செவ்வாய், புதன், வியாழன். போன் வாயே திறக்கவில்லை. வெள்ளிக்கிழமை எழுதினாள்: அழைப்பு வரவில்லை. ஆகவே கட்டி கெட்டதில்லை. கீழே இரண்டு கோடு. அன்று நன்றாகத் தூங்கினாள்.

'என்றால்' வருகிற இடத்திலெல்லாம் பலகையில் ஒரு அம்பு போடுவதால் மாணவர்கள் 'அம்புக்குறி' என்று பட்டப்பெயர் வைத்திருந்த பேராசிரியர் வினாத்தாளைக் கொடுத்துக்கொண்டே வந்தார். "வடிவம் சரியா இருந்தா மட்டும் போதாதும்மா. ஒவ்வொரு வரியும் நிஜமான்னு நீங்கதான் போய்ப் பார்க்கணும்." வாராவாரம் சொல்வதுதான். யாரும் காதில் வாங்கவில்லை.

வருகைத்தாள் வந்தது. பெயர், கையெழுத்து, போன் நம்பர். மளமளவென்று எழுதிவிட்டுப் பார்த்தாள்.

கணவனுடைய நம்பர்.

வண்டி ஓட்டும்போது அவள் போனை எடுப்பதில்லை. அதனால் எந்தப் படிவத்திலும் கை தானாக அவன் நம்பரைத்தான் எழுதும். சமையல் கேஸ் புத்தகத்தில், பிள்ளையின் பள்ளிக்கூடத்தில், திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில்…

அழைப்பு வந்திருந்தாலும் அவன் போனுக்குத்தான் வந்திருக்கும்.

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் அவன். அவள் படிக்க உட்கார்ந்தால் போதும், "என்னம்மா, எங்க கம்ப்ரஸர் மேல இந்த அம்பை வரைஞ்சா ஓட ஆரம்பிச்சுடுமா?" என்று வம்புக்கு வருவான். புதன்கிழமையிலிருந்து வம்பு இல்லை. தட்டு கழுவுகிறான். போன் வந்தால் வாசலுக்குப் போய்ப் பேசுகிறான். இன்று காலை, "வா, நானே கொண்டு விடறேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தான். பத்துக் கிலோமீட்டரும் பள்ளம் மேடு பார்த்துப் பார்த்து ஓட்டினான்.

நான்காவது கேள்வி: மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றிருக்கிறது. ஆகவே மின்சாரம் போய்விட்டது. செல்லுமா?

செல்லாது. மோட்டார் நிற்க ஆயிரம் காரணம் இருக்கும்.

அதே மூச்சில் ஓரத்தில் பென்சிலால் கிறுக்கினாள்: செய்தி தெரிந்தால் தட்டு கழுவுவான். தட்டு கழுவுகிறான். ஆகவே… செல்லாது! பரீட்சை நேரம், பாவம் என்று கழுவியிருக்கலாம். செல்லாது, செல்லாது. பென்சில் அந்த வார்த்தையின் மேலேயே போய்ப் போய்க் காகிதம் கிழிந்தது. மீதி ஆறு கேள்விகளுக்கு என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. முக்கால் மணி நேரம் பாக்கி இருக்கும்போதே தாளை நீட்டினாள்.

"இவ்வளவு சீக்கிரமா?" என்றார் அம்புக்குறி.

"ஒரு வரியைப் போய்ப் பார்க்கணும் சார்."

கூடையிலிருந்து தன் போனை எடுக்கக்கூட நிற்கவில்லை.

வேலைக்குப் போயிருக்க வேண்டியவன் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தான். அவளைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா? எப்படி எழுதினே?"

"ஆஸ்பத்திரியிலேர்ந்து கூப்பிட்டாங்களாங்க?"

அவன் ஹெல்மெட்டை அவள் தலையில் மாட்டினான். மோவாய்க்குக் கீழே வாரைச் சொருகப் பார்த்தான். கண்ணால் பார்க்காமலே பொடி ஸ்க்ரூவை மாட்டுகிற விரல்கள். க்ளிப் விழவில்லை. மறுபடி சொருகினான். விழவில்லை.

அவன் சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. மெல்லிய துணி வழியே வெளிச்சம் விட்டு விட்டு எரிந்தது. அவள் உள்ளங்கையை விரித்து நீட்டினாள்.