9036011 ஒரு பகா எண்

தண்ணீர் மீட்டர்களைச் சோதித்து முத்திரை வைக்கிற அறையில் அவன் ஒற்றை ஆள். பேச்சுத்துணைக்கு மீட்டர்களின் எண்கள்தான். ஒவ்வொன்றையும் துடைத்து, எதனால் வகுபடும் என்று மனதுக்குள் உடைத்துப் பார்ப்பான். ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத பகா எண் என்றால், செல்லமாக ஒரு தட்டு தட்டி அடுக்குவான். அலுவலகத்தில் அவனுக்கு 'வகுத்தல்' என்று பட்டப்பெயர். அப்படியாவது கூப்பிடுகிறார்களே என்று உள்ளூரச் சந்தோஷம்.

இந்தப் பைத்தியம் அக்காவிடமிருந்து தொற்றியது. சின்ன வயதில் இருவரும் பஸ் டிக்கெட் எண்களை உடைப்பார்கள். தம்பி தப்பாகச் சொன்னால் அக்காவுக்குச் சோறு இறங்காது. திருத்திவிட்டுத்தான் மறுவேலை.

அந்த அக்கா அவனோடு பேசி நான்கு வருடம் ஆகிறது. குற்றமெல்லாம் இவன் வாயில். அவள் கணவன் பிரிந்துபோன சமயம், வீடு நிறைய உறவுக்காரர்கள் இருக்க, சிரிக்க வைக்கிறேன் பேர்வழி என்று சொன்னான்: "அக்கா ஒரு பகா எண். அவளையும் ஒண்ணையும் விட்டா வேற யாருக்கும் ஒத்துவராது." எல்லோரும் சிரித்தார்கள். அக்கா எழுந்து உள்ளே போனாள். அதன்பின் அவன் போனை அவள் எடுக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்டு எத்தனையோ எழுதினான். படித்தாள், பதில் போடவில்லை.

இன்று மத்தியானம் கைக்கு வந்த மீட்டரின் எண் 9036011. மூன்றுக்கு மசியவில்லை, ஏழுக்கும் மசியவில்லை. அக்கா சொல்லித்தந்த வித்தைக்குப் போனான்: கொஞ்சம் கூட்டினால் வர்க்கம் வருகிறதா பார். இருபத்தைந்தைக் கூட்டினான். கச்சிதமாக 3006-இன் வர்க்கம். இருபத்தைந்தோ ஐந்தின் வர்க்கம். அப்படியென்றால் 3006-இல் ஐந்தைக் கழித்த 3001, ஐந்தைக் கூட்டிய 3011 இரண்டின் பெருக்கல்தான் இந்த எண். அந்த இரண்டும் பகா எண்கள். அடுத்தடுத்தவை, நடுவே இன்னொரு பகா எண் கிடையாது.

யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தது. அறையில் குழாய்த் தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. சந்தோஷத்தைச் சொல்ல ஆளில்லாமல் நிற்பதைப் போலக் கொடுமை வேறில்லை.

அப்போதுதான் அந்தத் திருட்டு யோசனை. மன்னிப்புக்கு மசியாதவள் தப்புக்கு மசிவாள். போனை எடுத்து வேண்டுமென்றே பொய் எழுதினான்: "9036011 ஒரு பகா எண்."

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அவளை அறுத்ததும் இதே சொல்தானே. அழிக்கக் கை போவதற்குள் அவள் படித்துவிட்டாள்.

பதினொரு மீட்டர்களுக்கு முத்திரை வைத்தான். ஒன்றின் எண்ணைக்கூட உடைக்கவில்லை. பன்னிரண்டாவதை எடுக்கும்போது போன் அதிர்ந்தது.

"இல்ல. இருபத்தஞ்சைக் கூட்டிப் பாருடா, மக்கு."

அடுத்த வரி வர நேரமாயிற்று.

"நானும் பகா எண் இல்ல."

முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். பிறகு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுதினான்:

"மொதல்லயே தெரியும்க்கா. ரெண்டுமே."