தண்ணீருக்கு வைத்த வெற்றிலை பாக்கு

வேலாங்காட்டூரில் நிலத்தடி நீரை நேரில் போய் அழைத்தால்தான் மேலே வரும். வருஷத்துக்கு ஒருமுறை புருஷனும் பெண்டாட்டியுமாகப் போர்வெல் அருகே நின்று, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமம் வைத்து, கல்யாணத்துக்குச் சொந்தக்காரர்களை அழைப்பதுபோல முறையாகச் சொல்ல வேண்டும். சொல்லாதவர் மோட்டாரைப் போட்டால் காற்றுதான் வரும்.

சென்னியப்பன் இந்த வருஷம் போனில் அழைத்துவிட்டார். வேலை தலைக்கு மேல் என்றார். ஊரில் யாருக்குத்தான் இல்லை? மனைவி மயிலாத்தாளின் கைப்பேசியைக் கயிற்றில் கட்டிக் குழாய்க்குள் இறக்கினார். தன் போனிலிருந்து கூப்பிட்டு, வந்துவிடச் சொல்லிவிட்டுக் கயிற்றை உருவிக்கொண்டார். தண்ணீருக்குச் சுருக்கென்று ஆகிவிட்டது. நேராகப் பக்கத்துத் தோட்டத்துக் குப்பாத்தாளின் கிணற்றுக்குப் போய்விட்டது.

குப்பாத்தாள் கொள்ளுதான் விதைத்திருந்தாள். அங்கே வேலை அதிகமில்லை. தண்ணீர் காலை நீட்டிப் படுத்துக் கிடந்தது. இங்கே சென்னியப்பனின் வாழை தார் தள்ளும் சமயம். இலைகள் ஓரம் கருகத் தொடங்கின. வாழை போனால் அந்த வருஷச் சோறே போனதுதான். அவர் ரிக் வண்டியைக் கூட்டிவந்து இன்னும் ஆழமாகத் துளை போட்டார். வெள்ளைப் புழுதிதான் பறந்தது.

ரிக் வண்டிக்காரர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். "உள்ள யாருமில்லீங்க. பக்கத்துத் தோட்டத்துல விசாரிச்சுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

மயிலாத்தாள் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பட்டுச்சேலை கட்டி, அவரையும் வேட்டி மாற்றச் சொல்லி, தட்டோடு குப்பாத்தாளின் கிணற்றடிக்கு நடந்தாள். தண்ணீர் முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ராப்பகலாக மோட்டார் ஓட்டியதையும், ஒருநாள்கூட ஓய்வு விடாததையும், இத்தனைக்கும் பிறகு போனில் கூப்பிட்டதையும் சொல்லிக் குறைப்பட்டது. அத்தனையும் உண்மை. சென்னியப்பனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் சொட்டுநீர்க் குழாய்தான், ஞாயிற்றுக்கிழமை மோட்டார் பக்கமே போகமாட்டேன் என்று ஒத்துக்கொண்டார்.

தண்ணீர் அப்போதும் யோசித்தது. மயிலாத்தாள் தட்டை நீட்டி, அந்த ஊரில் எந்த வீட்டிலும் அழைக்கும்போது சொல்வதைத்தான் சொன்னாள்.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க. சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் குடும்பத்தோட வந்துரோணுமுங்க."

தண்ணீர் வெற்றிலையை எடுத்துக்கொண்டது.

மறுநாள் காலை வாழையடியில் ஈரம் ஏறியிருந்தது. சென்னியப்பன் வரப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் சொந்தபந்தங்கள் வர ஆரம்பித்தன. ஏரி வந்தது. வாய்க்கால் பிள்ளைகுட்டிகளோடு வந்தது. உடம்பு சரியில்லாத ஆறு மெதுவாகத் தடி ஊன்றி வந்தது. மயிலாத்தாள் எல்லோரையும் உட்காரவைத்துப் பந்தியை ஆரம்பித்துவிட்டாள்.

பாயசம் பரிமாறும் நேரத்தில் கடல் வந்தது. தூரத்துச் சொந்தம், பஸ் கிடைக்கவில்லையாம். உப்பை வாசலில் ஓரமாக இறக்கி வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கிக் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தது. சென்னியப்பன் இன்னோர் இலை அறுத்துவரத் தோட்டத்துக்குப் போனார்.