லுவோ சார் எழுதாத கடிதம்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதைக்குப் பொறி, உந்துதல் என்றெல்லாம் எதுவும் கிடையாது. என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அழிக்காமல் விட்டுப்போன ஒரு கோப்பு இருக்கிறது, அவ்வளவுதான். பெயர் ‘லுவோ – பழையது’. ஒன்றரைப் பக்கம். போன நவம்பரில் பதினேழு வயதுப் பெண் ஒருத்தி எழுதியது. நான் அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எழுதி அனுப்பினேன். அதன் பிறகு நடந்ததைச் சொல்லத்தான் உங்களை உட்காரவைத்திருக்கிறேன்.

நான் ஜோவ். சீனாவின் சாங்ஷா நகரத்தில் ஒரு ஒன்பதாவது மாடி ஆலோசனை நிறுவனத்தில் வேலை. பிள்ளைகளை அமெரிக்காவுக்கு வணிகப் பட்டப்படிப்புக்கு அனுப்புகிறோம். அனுப்புகிறோம் என்றா சொன்னேன்? விண்ணப்பத்தை அனுப்புகிறோம். பிள்ளைகள் பெரும்பாலும் இங்கேயேதான் இருந்துவிடுகிறார்கள். அவர்களுடைய கட்டுரைகளுக்குப் பதினொரு வருடமாக மெருகேற்றி வருகிறேன்.*

* மெருகேற்றுவது என்றால் எழுதுவது. எங்கள் ஆபீஸில் யாரும் எதையும் எழுதுவதில்லை.

தொடக்கம் வேண்டுமே. முதல் முயற்சி: ‘மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, வென்னிங் ஜன்னலுக்கு வெளியே’ – வேண்டாம், அந்தப் பதினேழு வயதுக்காரி ஜன்னலைப் பார்க்கிற ஆளே இல்லை. இரண்டாவது: ‘சின்ன வயதிலிருந்தே வியாபாரத்தின் மீது எனக்கு’ – அட, கை தானாகப் போகிறது பாருங்கள்! எண்ணூறு கட்டுரையை இப்படித்தான் தொடங்கியிருக்கிறேன். சனியன், விட்டுத் தொலைய மாட்டேன் என்கிறது.

நேராகவே போகிறேன்.

2

பெங் வென்னிங்கை அவளுடைய அம்மா கூட்டிவந்தது ஒரு செப்டம்பர் சனிக்கிழமை. அம்மா பெயர் ஷியா. ஆஸ்பத்திரி மருந்தகத்தில் பொறுப்பாளர். அப்பா ஷென்ஜென்னில் வேலை, வருடத்துக்கு மூன்று முறை வருவார். ஷியா உட்காரக்கூட இல்லை.

“வளைச்சுப் பேசாதீங்க டீச்சர். இவளுக்கு சான்ஸ் எவ்வளவு? நம்பரா சொல்லுங்க.”

“பன்னிரண்டு.”

“பன்னிரண்டு பேர்ல ஒருத்தரா?”

“நூத்துக்குப் பன்னிரண்டும்மா.”

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். “நான் நூத்துக்குப் பன்னிரண்டு வாங்கிட்டு வந்தா வீட்டுக்குள்ள விடுவியாம்மா?”

“வாயை மூடு. வெளிநாடு போறவ பேசுற பேச்சா இது?”

[அந்தப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை. ஷியாவும் கேட்கவில்லை. சொல்லிவிடுகிறேன்: நான்தான் போட்டேன். பத்துக்குக் கீழே சொன்னால் பெற்றோர் எழுந்து போய்விடுவார்கள். இருபதுக்கு மேல் சொன்னால் பிறகு வந்து சட்டையைப் பிடிப்பார்கள். உண்மையான எண் யாருக்கும் தெரியாது. வணிகப் படிப்பில் நம் நாட்டுப் பிள்ளைகளுக்கென்று அவர்கள் ஒதுக்குவது ஒரு சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்காருமளவு இடம். வாசலில் நிற்கிற கூட்டத்துக்கு இந்த நகரமே போதாது.]

வென்னிங்குக்கு இன்னொரு வழியும் இல்லை. பதினைந்து வயதில் அவளை வெளிநாட்டுப் படிப்புக்கான தனி வகுப்பில் சேர்த்தார்கள். உள்ளூர்ப் பொதுத்தேர்வுக்கான பாடம் எதையும் அந்த வகுப்பில் நடத்தவில்லை. ஆக, அங்கே இடம் கிடைக்காவிட்டால் இங்கேயும் கிடையாது. ஒன்பது பல்கலைக்கழகங்கள், ஒன்பதிலும் வணிகம். “வேற ஏதாவது பாடம் சேர்த்துப் போடலாமா?” என்று ஒரு தடவை கேட்டேன். ஷியா என்னைப் பார்த்த பார்வையில் அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டேன்.

3

இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. லுவோ சார்.

ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். எங்கள் ஊரில் ஆசிரியர்கள் அதை எழுதுவதில்லை. மாணவனே ஆசிரியர் போல உட்கார்ந்து தன்னைப் பற்றி எழுதுவான், நாங்கள் மெருகேற்றுவோம், ஆசிரியர் கையெழுத்துப் போடுவார். யாரும் இதை ஏமாற்று என்று நினைப்பதில்லை. ஊர் வழக்கம்.

இவரை வில்லனாக்கினால் கதை சுலபமாக முடியும். முயன்று பார்த்தேன்: ‘பாக்கு மென்று சிவந்த பற்களோடு லுவோ ஏளனமாக’ – இல்லை, அவர் ஏளனமாகப் பார்த்ததே கிடையாது. பாக்கு மெல்லுவது மட்டும் உண்மை. கணக்கு வாத்தியார். வகுப்பில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள், வீட்டில் படுத்த படுக்கையாய் ஒரு மனைவி. எந்தக் கடிதத்தைக் கொண்டுபோனாலும் இப்படித்தான் பேச்சு நடக்கும்:

“இங்கிலீஷ்ல என்ன எழுதியிருக்கு ஜோவ் டீச்சர்?”

“நல்லதா எழுதியிருக்கு சார்.”

“நல்லதுன்னா சரி. பேனா குடுங்க.”

இதில் எங்கே வில்லன்? நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

4

வென்னிங் எழுதிய கடிதம் இது. ஆங்கிலத்தில் இருந்ததை நம் பேச்சுக்கு மாற்றித் தருகிறேன். மெருகேற்றவில்லை.

‘சேர்க்கைக் குழுவினருக்கு. நான் லுவோ. பெங் வென்னிங்குக்கு மூன்று வருடமாகக் கணக்கு சொல்லித் தருகிறேன். அவளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. மூன்றாவது வரிசையில் உட்காருவாள். தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதில்லை, தொண்ணூற்றைந்தைத் தாண்டியதும் இல்லை. ஒரு மாதம் பள்ளிக் கேண்டீன் வரிசைகளை எண்ணினாள். எந்த நேரம் எந்த ஜன்னலில் நின்றால் சீக்கிரம் சாப்பாடு கிடைக்கும் என்று அட்டவணை போட்டு வகுப்புச் சுவரில் ஒட்டினாள். மறுநாளே எல்லோரும் அதே ஜன்னலுக்கு ஓடியதால் அட்டவணை பொய்த்துப்போனது. அதற்கு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு, மக்கள் அட்டவணையைப் படித்த பின் என்ன செய்வார்கள் என்பதையும் சேர்த்து இன்னொன்று போட்டாள். அது ஆறு நாள் தாங்கியது. வணிகம் ஏன் படிக்கிறாய் என்று இவளை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். எடுக்காவிட்டால், அது இவள் குற்றமில்லை என்று இவளுடைய அம்மாவுக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். எனக்கு நேரம் இல்லை.’

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வேறெதுவும் வரவில்லை. கெடுவுக்கு ஐந்து நாள்.

“என்னம்மா இது?”

“லுவோ சார் எழுதினா இப்படித்தான் எழுதுவாரு டீச்சர்.”

“லுவோ சார்தான் எழுத மாட்டாரே!”

“அதான் நான் எழுதினேன்.”

“விளையாடுற நேரமா இது? இதை அனுப்பினா உன் பன்னிரண்டு மூணாயிடும்.”

“மூணுனா மூணு. அது நானா இருக்கும்ல?” என்றாள்.

“முதல்ல உள்ள போ. அப்புறம் நீயா இரு.”

இந்த வாக்கியத்தை நான் பலரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதிப் பார்க்கும்போதுதான் நாராசமாக இருக்கிறது.

5

அதற்குப் பதிலாக நான் எழுதி அனுப்பிய கடிதத்தில் ஒரு வரி: ‘என் பதினெட்டு வருட ஆசிரியப் பணியில் இவளைப் போல் ஒரு தலைமைப் பண்பைக் கண்டதில்லை.’

அதற்கு மூன்று வாரம் முன்பு, அதே வகுப்புப் பையன் ஒருவனுக்கும் லுவோ சார் பேரில் எழுதியிருந்தேன். அதே பல்கலைக்கழகங்களில் நான்குக்கு. ‘என் பதினெட்டு வருட ஆசிரியப் பணியில் இவனைப் போல் ஒரு தலைமைப் பண்பைக் கண்டதில்லை.’

ஒரே ஆசிரியர், ஒரே கையெழுத்து, ஒரே வகுப்பு. பதினெட்டு வருடத்தில் காணாத அதிசயம் ஒரே அறையில் இரண்டு! பிப்ரவரியில் பழைய கோப்புகளை அடுக்கும்போது பார்த்தேன். சொன்னால் யாருக்கு என்ன பயன் என்று மூடிவைத்தேன்.

மார்ச் கடைசியில் முடிவுகள் வந்தன. ஒன்பதும் இல்லை. பையனுக்கும் அந்த நான்கும் இல்லை. அவனுக்கு வேறு இரண்டு கிடைத்தன, போய்விட்டான். அந்த வரிதான் காரணமா? மற்ற ஐந்து இடங்களுக்குப் பையன் போடவே இல்லையே, அங்கேயும்தானே இவளை எடுக்கவில்லை. எனக்குத் தெரியாது. தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதமாகத் தூங்குகிறேன்.

ஆனால் அடுத்ததைத் தெரிந்தேதான் செய்தேன். இடம் கிடைக்காத பிள்ளைகளின் பெற்றோருக்குக் காரண அறிக்கை ஒன்று தருவது எங்கள் வழக்கம். எங்கள் இயக்குநர் ருவான் என்னைவிட ஏழு வயது சின்னவன்.

“ஜோவ் அக்கா, பேரண்ட்ஸ் குரூப்ல முன்னூறு பேர் இருக்காங்க. அந்தம்மா ஒரே ஒரு மெசேஜ் போட்டா போதும், கடையைச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். பாத்து எழுதுங்க.”

பார்த்து எழுதினேன். ‘ஆவணங்கள் சிறப்பாக இருந்தன. மாணவியின் சொந்த ஆர்வமும் முனைப்பும் போதவில்லை.’

ஷியா அதை வென்னிங் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே படித்தார். கத்துவார் என்று தண்ணீர்க் கிளாஸைத் தள்ளிவைத்திருந்தேன். கத்தவில்லை. தாளை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார்.

“நான்தான் இவ தகுதிக்கு மேல ஆசைப்பட்டுட்டேன். சிரமம் குடுத்துட்டேன் டீச்சர்.”

வென்னிங் என்னைப் பார்த்தாள். நான் பிரிண்டரைப் பார்த்தேன்.

6

இங்கே சில முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்று: காத்திருப்போர் பட்டியலிலிருந்து ஜூனில் அழைப்பு வருகிறது. (எங்கள் விளம்பரத் தாளில் இருக்கும் முடிவு.)

இரண்டு: நான் பழைய கடிதத்தையே அனுப்பியிருக்கிறேன். தூரத்தில் ஒரு அறையில் ஐம்பது கோப்பு படித்துச் சலித்த ஒருவர் கேண்டீன் அட்டவணை வரும் இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்து – இதற்கு மேல் எழுத முடியவில்லை. ஏனென்றால் அது நடந்திருக்கும். நடந்திருக்கலாம். மக்கள் எங்கே ஓடுவார்கள் என்று எண்ணிப் பார்த்து, தப்பானதும் சிரித்து, திருத்திப் போட்ட பெண் அவள். வணிகம் என்றால் வேறென்ன ஐயா! பதினொரு வருடத்தில் என் கைக்கு வந்த ஒரே நிஜமான வணிகக் கட்டுரையை நான் விளையாட்டு என்று தள்ளினேன்.

மூன்று, நடந்தது: கோடையில் ஷியா ருவானுக்கு போன் செய்தார். “வீட்ல சும்மாதான் உக்காந்திருக்கா. ஏதாவது சின்ன வேலை இருந்தா குடுங்க.” இப்போது வென்னிங் எங்கள் ஆபீஸில், எனக்கு எதிர் மேசையில். மற்றப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் கடிதம் எழுதுகிறாள். ஒரு நாளைக்கு மூன்று. ஒரே வரி இருமுறை வராதபடி ஒரு அட்டவணை வைத்திருக்கிறாள், நான் கேட்காமலே. ருவானுக்கு ரொம்பத் திருப்தி.

வீட்டில் எப்படி என்று கேட்டேன். “சாப்டியா, கதவைப் பூட்டினியான்னு கேப்பாங்க டீச்சர். வேற எதுவும் கேக்கறதில்ல.”

7

இந்தக் கதையை இதுவரை அச்செடுத்து, போன புதன்கிழமை மதியம் அவளிடம் கொடுத்தேன். அரிசி நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டே படித்தாள். ஐந்தாம் பகுதியில் சாப்பிடும் குச்சிகளை வைத்துவிட்டாள்.

“ரெண்டுலயும் ஒரே வரியா?”

“ஆமா.”

“அறிக்கையும் நீங்க எழுதினதா? ருவான் சார் இல்லையா?”

“நான்தான்.”

கடைசி வரை படித்தாள். பிறகு முதல் பக்கத்திலிருந்து பேனாவோடு வந்தாள். மூன்றாம் பகுதியில் நாற்பத்தாறு என்று போட்டிருந்தேன், நாற்பத்தெட்டு என்று திருத்தினாள். ஆறாம் பகுதியின் கடைசியில் ஒரு முழுப் பத்தி இருந்தது. அதில் அவளிடம் மன்னிப்புக் கேட்டிருந்தேன். நன்றாகவே வந்திருந்தது, இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியது. அதன் மேல் குறுக்காக ஒரு கோடு போட்டாள்.

“இது எனக்காக எழுதினது இல்ல டீச்சர்.”

அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு சொன்னேன். “உங்கம்மாகிட்ட நான் சொல்லிடறேன். உன் மேல தப்பில்லைன்னு.”

“வேண்டாம்.”

“ஏம்மா?”

“நான் மக்குன்னு நம்பினப்புறம்தான் அவங்க மாத்திரை இல்லாம தூங்கறாங்க. எனக்கு சான்ஸ் இருந்துச்சுன்னு தெரிஞ்சா மறுபடி ஆரம்பிச்சிடுவாங்க. ஒன்பது இல்ல, இருபது போடுவாங்க.” நூடுல்ஸ் டப்பாவை மூடினாள். “ஆனா…”

அந்த ‘ஆனா’வுக்குப் பிறகு என்ன சொல்ல வந்தாள் என்று தெரியவில்லை. ருவான் கூப்பிட்டான், எழுந்து போய்விட்டாள். அதை முடித்து வைக்க எனக்குக் கை துறுதுறுக்கிறது. பதினொரு வருடப் பழக்கம். முடிக்கப்போவதில்லை.

இன்று சனிக்கிழமை. ஐந்தரைக்கு ஷியா மகளை அழைத்துப்போக வருவார். லிஃப்ட் வர எப்படியும் இரண்டு நிமிடம் ஆகும், நாங்கள் மூவரும் வாசலில் நிற்போம். நான் வாயைத் திறந்தேனா, மூடிக்கொண்டேனா என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். நீங்கள் எதை எழுதினாலும், இன்றைக்கு வீட்டுக்குப் போய் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிடப்போவது நீங்களும் இல்லை, நானும் இல்லை.