இன்னும் குளிக்கல

சின்னவள் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, அப்பாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஸ்பூனால் தண்ணீர் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி உள்ளே போனது, பாதி கழுத்தில் வழிந்தது. பெரியவள் கையில் துண்டோடு அறை வாசலில் நின்றாள். போய்த் துடைக்கலாம் என்று அவள் நினைத்து முடிப்பதற்குள் சின்னவள் தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டாள்.

எப்போதும் இப்படித்தான். அப்பாவைத் தொட்டுச் செய்கிற வேலை எதுவானாலும் சின்னவள் முந்திக்கொள்வாள். சாகக் கிடக்கிற மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்து வயிறெரிகிறோமே என்று பெரியவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கப்பட்டுக்கொண்டே எரிந்தாள்.

தெருவில் அப்பாவுக்குப் பேர் பேட்டரிக்காரர். பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் வேலை. பெரியவள் நடை பழகிக்கொண்டிருந்தபோது, கூட வேலை செய்தவரின் குழந்தைக்குப் பேச்சு வராமல் போய், ரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் ஈயம் இருந்தது. அப்பன் சட்டையில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த தூசுதான் காரணம் என்றார் டாக்டர். அன்றிலிருந்து அப்பா வேறு மனிதராகிவிட்டார். முன்வாசல் பக்கமே வருவதில்லை. பின்வாசல் குழாயடியில் உடுப்பைக் கழற்றி மூடி போட்ட வாளியில் போடுவார். அந்த வாளித் துணி வேறு யார் துணியோடும் சேராது. தலையிலிருந்து கால்வரை சோப்பு, நகத்துக்குத் தனியாக ஒரு பிரஷ். பெருக்கினால் தூசு பறக்கும் என்று வீட்டை ஈரத்துணியால்தான் துடைக்கச் சொல்வார். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடிவரும் மகளைப் பார்த்தால் ஓரடி பின்னால் போய், “அங்கயே நில்லு கண்ணு, இன்னும் குளிக்கல” என்பார். அவர் தேய்த்து முடிப்பதற்குள் அவள் கோபித்துக்கொண்டு தூங்கியிருப்பாள். விழித்திருந்தாலும் பெரிதாக லாபம் இல்லை. மனிதர் சோப்பை முழுசாக நம்பமாட்டார். விரல் நுனியால் தலையைத் தொடுவதோடு சரி.

பட்டறையை மூடுவதற்குள் பெரியவள் வளர்ந்துவிட்டாள். அப்பா துணிக் கிடங்கில் காவலாளியானார். அதற்கப்புறம் பிறந்தவள் சின்னவள். வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக முன்வாசலிலேயே அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொள்வார். ஒருநாள் பெரியவளையும் “நீயும் வா” என்று கூப்பிட்டார். அவள் கிட்டத்தட்ட அவர் தோள் உயரம் இருந்தாள். இரண்டு பேரும் கூச்சப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

தன்னைக் காப்பாற்றத்தான் அப்பா தள்ளி நிறுத்தினார் என்பது பெரியவளுக்குத் தெரியாதா என்ன? தன் மருந்துக்கடைக்கு வருகிற பெயின்டர்களிடமும் வெல்டர்களிடமும் அதைச் சொல்லியே, உடுப்பை மாற்றாமல் பிள்ளையைத் தூக்காதே என்று அதட்டி அனுப்புவாள். காரணம் புரிந்துதான் இருந்தது. பொறாமை அதையெல்லாம் காதில் வாங்கவில்லை.

“அக்கா, அப்பா சட்டையில புதுத்துணி வாசனை வருமே, ஞாபகம் இருக்கா?” என்றாள் சின்னவள்.

“ம்.” பெரியவளுக்குத் தெரிந்ததெல்லாம் சோப்பு வாசனைதான்.

“நான் அதுலயே மூஞ்சிய வச்சுத் தூங்கிடுவேன்.”

“போதும்டி, உன் பெருமைய அப்புறம் பேசு. தண்ணி வழியுது பாரு.”

கால்மாட்டில் இருந்த அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

பெரியவள் துண்டோடு உள்ளே ஓரடி எடுத்து வைத்தாள். அப்பா கண்ணைத் திறந்தார்.

“யாரு... பெரியவளா?”

“நான்தாம்ப்பா.”

“அங்கயே நில்லு கண்ணு. இன்னும் குளிக்கல.”

தலை நரைக்கத் தொடங்கிவிட்ட பெண், கடையில் நாலு பேரை விரட்டி வேலை வாங்குகிறவள், சொன்ன இடத்தில் நின்றுவிட்டாள். கால் அவளைக் கேட்காமலே நின்றது. அப்பாவுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தது. அடுத்த மூச்சு வரவில்லை. சின்னவள் அவர் முகத்தோடு முகம் சேர்த்து ஓவென்று அழுதாள். இதுவும் அவளுக்கே போயிற்று என்று பெரியவள் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. அதற்குப் பிறகுதான் அவளுக்கும் அழுகை வந்தது.

பின்வாசல் குழாயடியில் பெஞ்சு போட்டார்கள். பக்கத்து வீட்டு ஆண்கள் தூக்கி வந்து கிடத்திவிட்டு முன்பக்கம் போனார்கள். அப்பாமேல் ஒரு போர்வையைப் போர்த்தி, அம்மா சோப்புப் போட, சின்னவள் தண்ணீர் ஊற்றினாள். பெரியவள் கதவைப் பிடித்தபடி படியிலேயே நின்றாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

குளிப்பாட்டி முடித்தாயிற்று என்று சின்னவள் வாளியைக் கவிழ்த்தபோது, அம்மா குழாய்க்கு மேலிருந்த பலகையில் கையைவிட்டுத் துழாவினாள். முடி தேய்ந்து வளைந்துபோன பிரஷ் ஒன்று கையில் வந்தது. அதில் சோப்பைத் தடவி, அப்பாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நகங்களைத் தேய்க்க ஆரம்பித்தாள்.

“எதுக்கும்மா இதெல்லாம்? பட்டறைய விட்டு எத்தனை வருஷமாச்சு. வெளியில எல்லாரும் காத்திட்டிருக்காங்க.”

“காத்திருக்கட்டும். அங்க பெரியவ நிக்கிறா பாரு. இதத் தேய்க்காம உங்கப்பா அவளத் தொடமாட்டாரு.”

சின்னவள் திரும்பிப் படியில் நின்ற அக்காவைப் பார்த்தாள். பிறகு அந்தப் பிரஷைப் பார்த்தாள்.

“எனக்காக ஒருநாளும் தேய்ச்சதில்லயேம்மா அவரு” என்றாள், சின்னக் குரலில்.

அம்மா வலது கையை முடித்து இடது கையை எடுத்தாள். கட்டைவிரல்வரை தேய்த்து, நகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, தண்ணீரில் அலசினாள்.

“ஆச்சு. வா” என்றாள்.

பெரியவள் படியிறங்கி வந்தாள். சின்னவள் எழுந்து இடம்விட்டாள். ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, அப்பாவின் கையை எடுத்து முழுசாகத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள் பெரியவள். கையிலிருந்த தண்ணீர் அவள் சட்டைக் கைக்குள் இறங்கி முழங்கைவரை நனைத்தது. யாரோ நீட்டிய துண்டை அவள் வாங்கவில்லை.